சத்தம் நின்ற ஃபேன்

எங்கள் ஊரில் ஃபேனுக்கு வேலை கிடையாது. டயகமப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். சித்திரை மாதத்திலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டுதான் தூங்குவோம். அப்படிப்பட்ட இடத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருந்த எங்கள் லயத்துப் பன்னிரண்டு வீட்டில் எங்கள் வீட்டில் மட்டும் ஒரு மேசை ஃபேன் இருந்தது.

கொண்டுவந்தது அக்கா. கொழும்பில் ஒரு வீட்டில் மூன்று வருஷம் வேலைக்கு நின்றாள். வேலையை விட்டு வந்தபோது கையில் ஒரு பேக், ஒரு அட்டைப்பெட்டி. பெட்டிக்குள் ஃபேன். பழசாகிவிட்டது, தூக்கிப் போடு என்று அந்த வீட்டு அம்மா சொன்னாராம். அக்கா கேட்டு வாங்கிக்கொண்டாள். அட்டன் வரைக்கும் ரயில், பிறகு பஸ். வழி முழுக்க மடியிலேயே வைத்திருந்தாளாம்.

அதைப் பார்த்து முதலில் சிரித்தது அத்தை. அப்பாவின் தங்கச்சி. பக்கத்து வீடு. மாமா இறந்துவிட்டார், ஒரே மகன். தையல் மெஷின் வைத்து லயத்துப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பாள். வாய் கொஞ்சம் நீளம்.

"எல்லாரு வீட்டுலயும் தலையிலதான் பேன் இருக்கும். எங்கண்ணன் வீட்டுல மேசையில இருக்கு" என்றாள்.

"இது கொழும்பு பேனு அத்த. கடிக்காது" என்றாள் அக்கா.

லயமே சிரித்தது.

அத்தைக்கு அக்காவை ரொம்பப் பிடிக்கும். அக்கா பிறந்த அன்றைக்கே, இவள் என் மகனுக்கு என்று சொல்லிவைத்தவள். அப்பாவும் சரி என்றார். அப்பா ஒரு தடவை சொன்னால் சொன்னதுதான். அக்காவைக் கொழும்பிலிருந்து கூப்பிட்டதே அந்தக் கல்யாணத்துக்காகத்தான். தைப்பொங்கல் கழித்து வைப்பதாகப் பேச்சு. எனக்கும் சந்தோஷம். அத்தை மகன் சம்பள நாளில் எனக்குத் தோடம்பழம் வாங்கி வருவார். எனக்கு அப்போது பதினொரு வயது. அதற்கு மேல் ஒரு மாப்பிள்ளையிடம் நான் என்ன எதிர்பார்ப்பேன்.

ஃபேன் ஓடினால் கடகடவென்று அடிக்கும். முன்பக்கத்துக் கம்பிக் கூட்டில் ஒரு கிளிப் இல்லை. உள்ளே வேறு ஏதோ கரகரக்கும். அம்மா மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்து, கைகால் கழுவி, தேத்தண்ணி குடித்த பிறகு அக்கா அதைப் போடுவாள். வெளியே மூடுபனி இறங்கிக்கொண்டிருக்கும். நான் நடுங்குவேன்.

"எதுக்குக்கா இப்ப?"

"துணி காய வேணாமா?"

அதுவும் சரிதான். எங்கள் ஊரில் துணி லேசில் காயாது. கொடியில் என் ஸ்கூல் வெள்ளைச் சட்டையும் தொங்கும். அம்மா என்னைப் பார்த்து, "நீ போயி பீலியில தண்ணி புடிச்சிட்டு வா" என்பாள். நான் குடத்தை எடுத்துக்கொண்டு, மலைத் தண்ணீர் குழாயில் வந்து விழும் பீலிக்குப் போவேன். திரும்பி வரும்போது அம்மாவும் அக்காவும் ஃபேனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கத்திப் பேசிக்கொண்டிருப்பார்கள். என்னைக் கண்டதும் நிறுத்திவிடுவார்கள். அப்பா ஃபெக்டரியிலிருந்து வருவதற்கு முன் ஃபேனையும் நிறுத்திவிடுவார்கள். இது தினமும் நடந்தது. நான் யோசிக்கவில்லை.

லயத்துச் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது கூரை வரைக்கும் போகாது. மேலே திறந்துதான் இருக்கும். இந்த வீட்டில் தும்மினால் அந்த வீட்டிலிருந்து "நூறு" என்பார்கள்.

நான் ஃபேனைக் கழுவியதற்குக் காரணம் அந்த ஸ்கூல் சட்டைதான். அதன் இறக்கையில் கொழும்புத் தூசி அப்பிக் கிடந்தது. அதன் மேல் எங்கள் அடுப்புப் புகை படிந்து பிசுபிசுப்பாகிவிட்டது. ஓடும்போது கறுப்புக் கறுப்பாகப் பிய்ந்து பறந்து என் வெள்ளைச் சட்டையில் ஒட்டும். டீச்சர் இரண்டு தடவை எழுந்து நிற்க வைத்தார். மூன்றாவது தடவை வீட்டுக்கு அனுப்புவேன் என்றார்.

ஒரு சனிக்கிழமை. அம்மா மலைக்கு, அப்பா ஃபெக்டரிக்கு, அக்கா விறகுக்கு. நான் மட்டும் வீட்டில்.

ஃபேன் கழுவுவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அப்பா ஃபெக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தார். அங்கே ஆள் உயரத்துக்கு ஃபேன் இருக்கும். சாப்பாடு கொண்டுபோகும்போது பார்த்திருக்கிறேன். அதைத் துடைக்க வேண்டிய நாளில் அப்பா சுவிச்சை நிறுத்துவதோடு விடமாட்டார். ஃபியூசைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். அதற்குப் பிறகுதான் கை வைப்பார். "ஒருத்தன் கை உள்ள இருக்கையில இன்னொருத்தன் வந்து சுவிச்ச போட்டான்னா? கரண்டுக்கு ஆளு தெரியுமாடா?" என்று கூட வேலை செய்பவர்களைச் சத்தம் போடுவார்.

அதனால் நான் முதலில் பிளக்கைப் பிடுங்கினேன். எனக்குச் சட்டைப் பை இல்லை. பிளக்கைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். மூன்று பின்னும் குத்தியது. ஆனால் கரண்டு என்னைத் தாண்டித்தான் போக முடியும் என்று ஒரு தைரியம்.

கூட்டைக் கழற்றினேன். நடுவில் இருந்த திருகை, போத்தல் மூடி திறப்பது போலத் திருகினேன். அது இன்னும் இறுகியது. அழுகை வந்தது. கோபத்தில் எதிர்ப்பக்கம் திருகினேன். கழன்று கையில் வந்துவிட்டது. இன்றைக்குக் கொழும்புப் பக்கம் என் வீட்டில் நான்கு ஃபேன் இருக்கிறது. கழற்றும்போதெல்லாம் முதலில் தப்பான பக்கம்தான் என் கை போகிறது.

இறக்கையையும் கூட்டையும் பீலிக்குக் கொண்டுபோய்ச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். மோட்டாரில் தண்ணீர் படக்கூடாது என்று தெரியும். காய்ந்த துணியாலும் அப்பாவின் பழைய பிரஷ்ஷாலும் தட்டித் தட்டித் துடைத்தேன். இறக்கை மாட்டுகிற கம்பியில் முடியும் பஞ்சும் நூலுமாகச் சுற்றியிருந்தது. அந்தக் கொழும்பு அம்மாவின் தலைமுடியாக இருக்கும். ஊசியால் ஒவ்வொன்றாக இழுத்தேன். அவ்வளவும் எடுத்த பிறகும் கம்பி கொஞ்சம் இறுக்கமாகவே சுற்றியது. எண்ணெய் விடவேண்டும்.

தேங்காய் எண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு நிற்கும்போது அத்தை வாசலில் எட்டிப் பார்த்தாள்.

"என்னாடி பண்ற, கொழும்பு பேனுக்கு தலை வாருறியா?"

சொன்னேன்.

"அடி கூறு கெட்டவளே, தேங்காண்ண குளிருக்கு ஒறஞ்சு போகும். அப்பறம் சுத்தவே சுத்தாது. இரு."

போய் மெஷின் எண்ணெய் கொண்டுவந்தாள். "ரெண்டே சொட்டு. கொழம்பு தாளிக்கிற மாதிரி ஊத்திராத" என்றாள். இரண்டே சொட்டு விட்டேன்.

எல்லாம் காயும் வரைக்கும் காத்திருந்தேன். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் இறக்கை உருகிவிடும் என்று எட்டவே வைத்தேன். மத்தியானம் போனது. துணியால் இன்னொரு தடவை துடைத்து, ஈரம் இல்லை என்று கன்னத்தில் வைத்துப் பார்த்து மாட்டினேன். கிளிப் இல்லாத இடத்தில் நைலோன் நூலால் இறுக்கிக் கட்டி, நுனியை வெட்டிவிட்டேன். விரலால் சுற்றிப் பார்த்தேன். எங்கும் இடிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, பிளக்கைச் சொருகிச் சுவிச்சைப் போட்டேன்.

சத்தமே இல்லை. காற்று மட்டும் வந்தது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. அவர்களாகவே பார்த்து ஆச்சரியப்படட்டும் என்று இருந்தேன்.

சாயங்காலம் அம்மா வந்தாள். தேத்தண்ணி குடித்தாள். அன்றைக்குத் தண்ணீர் ஏற்கெனவே பிடித்து வைத்திருந்தேன். நான் மூலையில் புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அக்கா எதையோ யோசித்தபடி, பார்க்காமலே ஃபேன் சுவிச்சைத் தட்டினாள். அடுத்த வீட்டில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

இத்தனை நாளாக அந்தக் கடகடப்புக்கு மேலே பேசிப் பழகியவர்கள். பழக்கத்தில் அம்மா அதே சத்தத்தில் ஆரம்பித்தாள்.

"ஒங்கப்பா தங்கச்சிக்கு வாக்கு குடுத்துட்டாருடி! அத்த மகன எம்மக வேணாங்கிறான்னு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு போயி சொல்லுவாரு?"

அக்காவும் அதே சத்தத்தில், "எனக்கு கொழும்புல பழகுன அந்த பொகவந்தலாவ பையன்தாம்மா! இல்லாட்டி மறுபடி கொழும்புக்கே போயிர்றேன். திரும்பி வரவே மாட்டேன்!"

பக்கத்து வீட்டில் மெஷின் நின்றது.

அப்போதுதான் இரண்டு பேரும் ஃபேனைத் திரும்பிப் பார்த்தார்கள். அது பளபளவென்று சுற்றிக்கொண்டிருந்தது. நான் எழுந்து நின்றேன். பாராட்டுவார்கள் என்று நினைத்தேன்.

"நாந்தாம்மா கழுவுனேன். சத்தமே இல்ல பாருங்க."

அம்மா என் தலையில் ஓங்கிக் குட்டினாள். "ஒன்னய யாருடி கழுவச் சொன்னா?" இதை மட்டும் மெதுவாகக் கேட்டாள். அக்கா சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரொம்ப நேரம் கழித்துத்தான் அந்தப் பக்கம் மெஷின் மறுபடி ஓடியது.

குட்டு வாங்கியதை விட, ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லவில்லையே என்றுதான் எனக்கு அழுகை. அக்கா வேண்டாம் என்கிறாள் என்பதும் அப்போது காதில் விழுந்தது. தோடம்பழம் இனி வராதா என்று ஒரு கவலை. அவ்வளவுதான் என் புத்தி.

மறுநாள் ஞாயிறு. லயத்தில் எல்லாரும் வீட்டில். அப்பா இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து முகம் வழித்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்குக் காலையிலிருந்து கை ஓடவில்லை. அத்தை வந்து வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.

"அண்ணே, ஒங்க மகள எம்மவனுக்கு எடுக்கல. இன்னியோட பேச்ச விட்டுருவோம்" என்றாள்.

அப்பா கத்தியைக் கீழே வைத்தார். "என்னா சொல்ற?"

"பின்ன என்னண்ணே. இந்த குளிருல காத்தாடி போட்டு ஒக்காந்துருக்கா மகாராணி. கொழும்பு ஒடம்பு அது. எம்மவன் சம்பாதிக்கிறதுக்கு கட்டுபடி ஆகுமா? நான் வேற எடம் பாத்துக்கிறேன்."

பன்னிரண்டு வீட்டுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். இரண்டு பேர் சிரித்தார்கள். அப்பாவின் முகம் பாதி நுரையோடு சிவந்துவிட்டது.

"ஒம்மவன் பெரிய தொரையா? எம்மகளுக்கு ஆயிரம் பேரு வருவான். போ. இனி இந்த வாசல மிதிக்காத!"

அத்தை தலையைக் குனிந்துகொண்டு போனாள். போகும்போது அக்காவைப் பார்க்கவில்லை.

அந்த ரோஷத்தில் அப்பா எல்லாவற்றையும் சீக்கிரம் முடித்தார். அம்மா பொகவந்தலாவைப் பையனைப் பற்றி மெதுவாக எடுத்தபோது ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. பேச்சு வைத்த அதே தை மாதத்தில் அக்காவுக்குக் கல்யாணம். அத்தையைக் கூப்பிடவில்லை. அப்பா கடைசி வரைக்கும் தங்கச்சியோடு பேசவில்லை.

கொடுத்த வாக்கை அப்பாவால் முறிக்க முடியாது. வாங்கியவளால்தான் திருப்பித் தர முடியும். தந்தால், அக்கா பேசியதைக் கேட்டுத்தான் தந்தாள் என்று யாருக்கும் தெரியக்கூடாது. இதெல்லாம் எனக்கு விளங்கியது நானே பிள்ளை பெற்ற பிறகு. அம்மாவுக்கு அன்றைக்கே விளங்கியிருக்க வேண்டும். ஏனென்றால் அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அப்பா கடைப் பக்கம் போன நேரத்தில், அம்மா சுடச்சுட ரொட்டி தட்டி, சம்பல் அரைத்து, ஒரு தட்டில் வைத்து என்னிடம் கொடுத்தாள்.

"அத்தைக்கு குடுத்துட்டு வா."

"நான் போக மாட்டேன். அக்காவ அப்பிடி பேசுனிச்சுல்ல."

"போடி."

போனேன். அத்தை மெஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். துணி எதுவும் இல்லை. தட்டை வாங்கி ரொட்டியை எடுத்து வைத்துக்கொண்டாள். எங்கள் லயத்தில் வந்த தட்டை வெறுமனே திருப்பி அனுப்ப மாட்டார்கள். அனுப்பினால் இனி ஒன்றும் இல்லை என்று அர்த்தம். அத்தை எழுந்துபோய், தகர டப்பாவைக் கவிழ்த்துத் தட்டி, இருந்த சீனியையெல்லாம் தட்டில் போட்டாள்.

"ஒங்கம்மாட்ட குடு. அக்கா வாயில ஒரு கரண்டி போடச் சொல்லு" என்றாள்.

வெளியே வந்தேன். லயத்து முன்னால் அழுக்குத் தண்ணீர் ஓடும் கானுக்குப் பக்கத்தில் நின்று, சீனி முழுவதையும் அந்தத் தண்ணீரில் கொட்டினேன். எங்கள் அக்காவைப் பேசிவிட்டு எங்களுக்குச் சீனி வேறு கொடுக்கிறாளா என்று.

வெறும் தட்டை அம்மாவிடம் நீட்டினேன்.

"அத்த ஒண்ணும் சொல்லலியா?"

"ஒண்ணும் சொல்லல."

அம்மா அந்தத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தாள். அடுப்பு அணைந்துகொண்டிருந்தது, அதையும் கவனிக்கவில்லை. தட்டு அழுக்காக இருக்கிறது, அதைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

"குடுங்கம்மா, நான் கழுவி வைக்கிறேன்" என்றேன்.