முடிந்து வைத்த அரை டாலர்

அமெரிக்காவில் நான் குடியிருக்கும் ஊரில் மால் என்று ஒரு பெரிய கடைக் கட்டடம் உண்டு. அதன் நடுக்கூடத்தில் ஒரு நீரூற்று. போகிற வருகிறவர்கள் அதற்கு முதுகைக் காட்டி நின்று, கண்ணை மூடி, தோளுக்கு மேலாக ஒரு காசை எறிந்துவிட்டுச் சிரித்துக்கொண்டே ஐஸ்கிரீம் வாங்கப் போகிறார்கள். ஏதாவது ஒன்றை நினைத்துக்கொண்டு போட்டால் நடக்குமாம். எந்தச் சாமியிடம் கேட்டது, நடந்ததா இல்லையா, ஒரு விசாரணையும் கிடையாது. பிழைக்க வந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அதைப் பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. எங்கள் பக்கத்தில் சாமிக்கு இவ்வளவு லேசில் யாரும் காசைக் கொடுத்துவிட மாட்டார்கள். மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் காயவைத்த துணியில் காசை முடிந்து சாமி அலமாரியில் வைப்பார்கள். கேட்டது நடந்தால்தான் அந்த முடிச்சு கோயில் உண்டியலுக்குப் போகும். அதுவரை வீட்டிலேயே கிடக்கும், யாரும் தொடக்கூடாது. இங்கே முன்பணம், அங்கே வேலை முடிந்தபின் கூலி. எங்கள் அக்கா முடிந்து வைத்தது ஒரு அமெரிக்கக் காசு. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ராஜபாளையத்து மில்லில் மெஷின் பராமரிப்பில் இருந்தவன் நான். எண்பத்தொன்றில், மனைவியையும் கைக்குழந்தையாக இருந்த பையனையும் மாமனார் வீட்டில் விட்டுவிட்டு, தெற்குக் கரோலினாவில் நூற்பு இயந்திரம் செய்கிற ஒரு கம்பெனிக்கு வேலையாக வந்தேன். வந்த புதிதில் சனி, ஞாயிறு என்றால் பைத்தியம் பிடிக்கிற மாதிரி இருக்கும். தெருவில் ஒரு மனுசன் நடமாட மாட்டான். அப்படி ஒரு சனிக்கிழமை சும்மா நடந்து போனபோது பெக் என்ற பெரியவரின் பழைய நாணயக் கடைக்குள் நுழைந்தேன். அவர்தான் நினைவு அரை டாலர்களைக் காட்டினார். இந்த நாட்டில் ஒரு காலத்தில் ஊருக்கு நூறு வயது, நூற்றைம்பது வயது என்றால் உடனே அந்த ஊர் பேரில் ஒரு வெள்ளி அரை டாலர் அடிக்கவைத்து, அதை இரட்டை விலைக்கு விற்று விழாச் செலவுக்குப் பணம் பார்த்திருக்கிறார்கள். சந்தையில் செலவழிக்க அல்ல, பெட்டியில் வைத்துப் பார்க்க. ஒன்றில் மாட்டுவண்டி சூரியன் மறைகிற திசைக்குப் போகிறது. ஒன்றில் கழுத்தில் கயிறு கட்டிய கன்றுக்குட்டியை ஒருவன் இழுக்கிறான். ‘அட பாவிகளா, நூற்றைம்பது வயசுக்கா இந்த ஆட்டம், எங்கள் வில்லிபுத்தூர்க் கோபுரம் கேட்டால் சிரிக்கும்’ என்றுதான் முதலில் நினைத்தேன். நினைத்துக்கொண்டே வாங்கினேன். சொந்த ஊரை இப்படிக் கையில் பிடித்துப் பார்க்க முடிகிறதே என்று பொறாமையாக இருந்தது. பிறகு அதுவே பழக்கமாகிப் போனது.

அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது இந்த மாநிலத்துத் தலைநகருக்காக அடித்த காசு. ஒரு பக்கம் தராசும் வாளும் வைத்துக்கொண்டு ஒரு பெண், மறுபக்கம் ஒற்றை மரம். மூன்று நாணயச் சாலைகளில் அடித்ததால் மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு செட். எந்தச் சாலை என்று காட்டுகிற எழுத்து ஒன்றில் இல்லை, ஒன்றில் டி, ஒன்றில் எஸ். எண்பத்து நாலில் முதல் லீவில் ஊருக்குப் போனபோது, பெருமை அடித்துக்கொள்ள அந்த மூன்றையும் எடுத்துப்போனேன்.

அப்பாவும் அம்மாவும் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பிறந்த வீட்டு வகையில் எனக்கு இருந்தது சுந்தரி அக்கா ஒருத்திதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் வாக்கப்பட்டவள். அத்தானுக்குக் கோர்ட்டில் அமீனா வேலை. கடனைக் கட்டாதவன் வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் பண்டத்தை ஜப்தி செய்கிறவர், ஆனால் வீட்டில் அக்கா சொன்னால் மறுபேச்சு கிடையாது. அக்கா காசை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

“ஏலே, இதுல நம்ம பனைமரம்லா நிக்கி?”

“பனை இல்லக்கா. பால்மெட்டோன்னு அங்க ஒரு மரம்.”

“என்ன மெட்டோ. பனைமரம்தான். இது ஒண்ணு எனக்கு இருக்கட்டும்.”

கேட்ட வாய்க்கு இல்லை என்று சொல்ல முடியுமா? எஸ் எழுத்துப் போட்டதை எடுத்துக்கொண்டாள். பத்திரமாகப் பெட்டியில் வைப்பாள் என்று நினைத்தேன். மறுநாள் வெள்ளிக்கிழமை, குளித்துவிட்டு வந்து பார்த்தால் அது மஞ்சள் துணிக்குள் போய் முடிச்சாக அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது. என்னவென்று கேட்டதற்கு, மறைக்காமல் சொன்னாள். “நீ அந்த வேலையை விட்டுட்டு ஊரோட வந்து இருக்கணும்னு ஆண்டாள் தாயார்கிட்டச் சொல்லி முடிஞ்சிருக்கேன். வந்த அன்னைக்கே நடந்துபோயி உண்டியல்ல போட்டுருவோம்.” அதற்கு நம்ம ரூபாய் ஆகாதா, என் செட்டுக் காசுதானா கிடைத்தது என்று கத்தினேன். “முள்ளை முள்ளாலதாம்ல எடுக்கணும். அந்த ஊர்க் காசுதான் அந்த ஊர்ல இருந்து உன்னை இழுத்துட்டு வரும்” என்றாள். அத்தான் சோற்றுத் தட்டிலிருந்து நிமிர்ந்து, “ஜப்தி ஆயிருச்சு மாப்ளே. ஆளு நேர்ல ஆஜரானாத்தான் இனி விடுதலை” என்றார். அன்றைக்கு நானும் சேர்ந்து சிரித்தேன்.

அவள் வேண்டிக்கொண்டதோடு நிற்கவில்லை. ராஜபாளையத்தில் அப்பா கட்டிய வீடு பூட்டிக் கிடந்தது. ஒவ்வொரு வெள்ளியும் வில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறிப் போய், அதைத் திறந்து கூட்டி, வாசல் தெளித்துக் கோலம் போட்டு, விளக்கேற்றி, மறுபடி பூட்டிவிட்டு வருவாள். ஆளில்லாத வீட்டுக்குக் கோலம் எதற்கு என்று அக்கம்பக்கத்தில் கேட்டால், “என் தம்பி வரப்போறான்” என்பாளாம்.

மனைவியையும் பையனையும் கூட்டிக்கொண்டு இங்கே திரும்பியதும் பெக்கிடம் செட்டைக் காட்டினேன். மூன்றாவது எங்கே என்றார். நான் அப்போது தெரிந்த ஆங்கிலத்தில், அது கடவுளிடம் இருக்கிறது, அக்கா வைத்தாள் என்றேன். மனுசன் உடனே தொப்பியைக் கழற்றிவிட்டார். என் தோளில் கையை வைத்து, “ஐ ஆம் சோ சாரி. சின்ன வயசா?” என்று கேட்டார். அக்காவின் உடலோடு அந்தக் காசை வைத்துப் புதைத்துவிட்டோம் என்று எடுத்துக்கொண்டார். உயிரோடு இருக்கிறவளைப் பற்றி இப்படி ஒரு வார்த்தையா! அவள் இருக்கிறாள், காசும் இருக்கிறது, நான் திரும்பிப் போனால்தான் சாமி அதை எடுத்துக்கொள்ளும் என்று விளக்கப்போய், அது இன்னும் மோசமாக அவர் காதில் விழுந்திருக்கவேண்டும். பாவம், கண் கலங்கிவிட்டார். அந்த எஸ் காசு இன்னொன்று தன்னிடம் இருப்பதாகவும் பாதி விலைக்குத் தருவதாகவும் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். காசுகளைப் பதித்து வைக்கிற ஆல்பத்தில் அதற்கான குழி காலியாக இருக்கிற வரைக்கும் நான் ஊருக்குத் திரும்பப் போகிறவன். வேறு காசை வாங்கி நானே அடைத்துவிட்டால், போகமாட்டேன் என்று என் வாயாலேயே சொன்ன மாதிரி ஆகிவிடும். இதை எந்த மொழியில் அவருக்குச் சொல்வது?

அதற்குப் பிறகு லீவில் போகும்போதெல்லாம் இதே பேச்சுதான். நான் வேண்டுமென்றே, “அக்கா, என் காசு?” என்பேன். “வந்து இரு, எடுத்துத் தாயார்கிட்டப் போட்டுட்டு, உனக்கு நூறு காசு வாங்கித் தாரேன்” என்பாள். கிரீன் கார்டு வரட்டும் என்றேன். வந்தது. பையன் பள்ளிக்கூடம் சேரட்டும் என்றேன். சேர்ந்தான். அக்காவுக்குத் தலை நரைத்தது. தொண்ணூற்று மூன்றில் அவளுக்குத் தெரியாமல் ராஜபாளையத்தில் ஒரு மில் முதலாளியை வேலை கேட்டுப் போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர். காப்பி வரவழைத்துக் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “அம்புட்டுப் பெரிய ஊரை விட்டுட்டு எதுக்குய்யா வாரீரு? அங்க ஏதும் பிரச்சினையா?” என்று கேட்டார். திரும்பி வருகிறவன் என்றால் ஏதோ தப்புத்தண்டா செய்துவிட்டு ஓடிவருகிறவன் என்று நம் ஆட்களுக்கு ஒரு எண்ணம். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நான் சும்மா விசாரிக்க வந்ததாகச் சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன்.

போன வருஷம், தொண்ணூற்றேழில், தனியாகப் போனேன். இங்கே கம்பெனியில் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். பையனும் கல்லூரிக்குப் போகிற வயதை நெருங்கிவிட்டான். இரண்டே வருஷம், பிறகு வந்துவிடுகிறேன், இது சத்தியம் என்று இந்தத் தடவை அக்காவிடம் சொல்லிவிடுவது என்று முடிவுசெய்திருந்தேன். மனைவியும் சரி என்றுவிட்டாள். விமானத்தில் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். முதலில் ராஜபாளையத்தில் இறங்கி வீட்டைப் பார்த்துவிட்டுப் போவோம் என்று இறங்கினால், வாசலில் கம்ப்யூட்டர் சென்டர் என்று பெரிய போர்டு. அப்பாவின் அறையில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து டைப் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் எழுந்து வந்து, “சார், அட்மிஷனா?” என்றான். இல்லை என்று சொல்லிவிட்டு வில்லிபுத்தூர் பஸ் ஏறினேன்.

அக்கா வழக்கம்போல “வந்துட்டியால” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பால்கோவா வாங்கி வைத்திருந்தாள். வீட்டை வாடகைக்கு விட்டதைப் பற்றி நான் கேட்பதற்கு முன் அவளே சொன்னாள். “எத்தனை நாளைக்குல பூட்டிப் போட்ட வீட்டைக் கூட்டிக்கிட்டு இருக்க? எனக்கும் முட்டு வலிக்கி.” அப்புறம் சந்தோஷச் செய்தி என்று அவள் மகன் கண்ணனைப் பற்றிச் சொன்னாள். கம்ப்யூட்டர் படித்து மெட்ராசில் வேலைக்குப் போனவனை அவன் கம்பெனி அமெரிக்காவுக்கு அனுப்புகிறது, வருகிற வாரம் விசாவுக்கு நேரில் கூப்பிட்டிருக்கிறார்கள். அத்தான் ரிட்டயர் ஆகிச் சாய்வு நாற்காலியில் இருந்தார். “உனக்கு அங்க துணைக்கு ஆளு வாரான் மாப்ளே” என்று மட்டும் சொன்னார்.

நான் சொல்ல வந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அக்கா அலமாரியைத் திறந்து அந்த மஞ்சள் முடிச்சை எடுத்துவிட்டாள். இறுகிப் போயிருந்தது. பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்தாள். காசு ஓரமெல்லாம் கறுத்து, மரத்தின் மேல் மஞ்சள் திட்டாகப் படிந்திருந்தது. அதை என் வலது கையில் வைத்து மூடினாள்.

“இந்தா, உன் செட்டோட சேத்துக்கோ. தாயார்கிட்ட வேண்டுதலை மாத்திக் கேட்டுட்டேன். தப்பில்லைன்னு கோயில் பட்டரும் சொல்லிட்டாரு.”

“நான் வரணும்னு வேண்டுனது?”

“அது வேண்டாம்ல இப்ப. நீ பாட்டுக்கு இங்க வந்து உக்காந்துட்டேன்னா அங்க அவனுக்கு யாரு இருக்கா? சாப்பிட்டியான்னு கேக்க ஒரு வீடு வேண்டாமா? நீ அங்கனயே இரு, என்ன?”

உலகத்தில் என்னை வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது ஒரே ஒரு ஆள். அவளும் வராதே என்றுவிட்டாள். கோபம் வரவில்லை. சரிக்கா என்றேன். விமானத்தில் மனப்பாடம் செய்த ஒரு வார்த்தையும் வெளியே வரவில்லை.

அவள் அதே துணியை உதறி விரித்து, நடுவில் ஒரு ரூபாய்க் காசை வைத்தாள். கண்ணனுக்கு விசா கிடைக்கவேண்டும் என்று கண்ணை மூடி முணுமுணுத்தாள். முதல் முடிச்சைப் போட்டாள். பழைய துணி, நழுவிக்கொண்டே இருந்தது.

“ஏலே, சும்மா நிக்கியே, செத்த விரலை வையி” என்றாள்.

வலது கையில் அரை டாலரை மூடிப் பிடித்துக்கொண்டு, இடது கை விரலை முடிச்சின் மேல் அழுத்தினேன். அவள் என் விரலைச் சுற்றித் துணியை இழுத்துக் கட்டினாள். இந்த வேண்டுதல் பலித்துவிடும் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.