அம்மனுக்குத் தாழ்த்திய பாய்

கடலைப் பற்றி என்னிடம் ஒரு பட்டம் இருக்கிறது. புவியியலில், நல்ல தேர்ச்சியோடு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகக் கடந்த முதல் ஆள் நான் என்பதால், அதைச் சட்டம் போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறோம். சுருவில் என்ற கரையோர ஊரில் தலைமுறைகளாகக் கடலுக்குப் போகிற குடும்பம் எங்களுடையது. ஆனால் பெண்கள் வள்ளத்தில் ஏறுவதில்லை. கரையில் நிற்போம், மீனைத் தெரிந்து பிரிப்போம், குறை சொல்வோம். பல்கலைக்கழகத்தில் இதைச் சொல்ல அவசியம் வரவில்லை. மீன்பிடிக்காரர் வீட்டுப் பிள்ளைக்குக் கடல் தெரியும் என்று எல்லாரும் தாங்களாகவே நினைத்துக்கொண்டார்கள்.

அண்ணை எஞ்சின் படகுக்கு மாறிய பிறகு, அப்பா கண்மூடும்வரை ஓட்டிய பாய்வள்ளம் கரையில் கிடந்தது. நயினாதீவு இறங்குதுறைக்குக் கிட்டச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஒருவர் அதை விலைக்குக் கேட்டார். கடை வாசலில் வைத்து, உள்ளே மண் நிரப்பி, செவ்வரத்தைப் பூச்செடி நடப்போகிறாராம். அண்ணை ஓமென்றுவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அப்ப நீ ஓட்டிக் காட்டன்" என்றார் அண்ணை. "நாளைக்கு நயினாதீவுக்குப் பாயிலை கொண்டுவந்து சேர். சேர்த்தா விக்கமாட்டன். நான் கயிறு எறிஞ்சு இழுக்க வேண்டி வந்தா, அப்பிடியே அந்தாளிட்டைக் குடுத்திட்டு வருவன்."

"என்ரை சிநேகிதியும் வருவா."

"ஆர், அந்த நெடுந்தீவுப் பிள்ளையோ? அவை மாடு வளர்க்கிற ஆக்களெல்லோ?"

பல்கலைக்கழகத்தில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள் அவள். சைவக் குடும்பம், வீட்டில் பெரிய மாட்டுப்பட்டி. எந்தக் கடல் ஆட்டத்திலும் வயிறு புரட்டிச் சத்தி எடுக்கமாட்டாள் என்பதுதான் அவளுடைய தகுதி. காலையில் வாழைப்பழச் சீப்போடு வந்து ஏறினாள். அண்ணை தன் எஞ்சின் படகில் எட்டப் பின்னால் வந்தார், கயிற்றை எல்லாருக்கும் தெரியும்படி வைத்துக்கொண்டு.

காற்று எங்கள் பக்கம் நின்றது. பாய் தானாகவே நிரம்பியது. சுக்கானை நான் பிடித்திருந்தேன், அல்லது அது என்னைப் பிடித்திருந்தது. அரைவாசித் தூரத்தில் எனக்குத் துணிவு வந்து, நீரோட்டங்களைப் பற்றி அவளுக்கு விளக்கத் தொடங்கினேன்.

"எடி, லெக்சரை விட்டிட்டு முன்னாலை பார். சனத்தோடை படகு வருது."

குறிகட்டுவான் துறையிலிருந்து யாத்திரிகர்களை ஏற்றி வந்த படகு அது. அவர்கள் கை காட்டினார்கள். நாங்களும் காட்டினோம், தினமும் காட்டிக் களைத்தவர்களைப் போல.

பிறகு நயினாதீவு அம்மன் கோயில் கோபுரம் தெரிந்தது. நாங்கள் வேதக்காரர், கிறிஸ்தவர்கள்தான். ஆனாலும் எங்கள் ஆட்கள் அந்தக் கோபுரத்துக்கு முன்னால் பாயைத் தாழ்த்தாமல் போவதில்லை. "பாயை இறக்கிக் கும்பிட்டிட்டுத்தான் போனனாங்கள்" என்று அப்பா சோற்றுக் கோப்பைக்கு முன்னாலிருந்து சொல்லிக் கேட்டிருக்கிறேன். எவ்வளவு இறக்குவது என்று அவர் சொல்லவில்லை. வள்ளத்தில் ஏறாதவர்கள் அதைக் கேட்பதுமில்லை.

நான் பாய்க் கயிற்றை அவிழ்க்கப் போனேன்.

"சைவக்காரி நானே சும்மா இருக்கிறன். உனக்கேனடி இந்த வேலை?"

"இது கடல் மரியாதை. உனக்கு விளங்காது."

கயிறு என் கையை விட்டுப் போனது. பாய் முழுதாக, அதைத் தாங்கிய தடியோடு, அவள் தலையில் இறங்கியது. பாய்க்கு அடியிலிருந்து குரல் வந்தது: "அம்மாளாச்சி, மரியாதை போதும்!"

பாதி தண்ணீரில் விழுந்து நனைந்த பாயைத் திரும்ப ஏற்ற ஏலவில்லை. கயிறு பாய்மர உச்சியில் சிக்கிவிட்டது. வள்ளம் பக்கவாட்டில் நகர்ந்து, கரைக்குக் கிட்ட மணலில் ஏறி உட்கார்ந்தது. அண்ணை எஞ்சினை நிறுத்தினார். முகத்தில் ஏறக்குறைய அன்பு.

"எறியட்டோ?"

"வேண்டாம்!"

"பாய் கீழை கிடக்கு."

"கும்பிடுறம், அண்ணை!" என்றாள் சிநேகிதி. அடுத்த கணம் தண்ணீரில் குதித்தாள். முழங்காலுக்கு மேல் ஆழமில்லை. "இறங்கடி. படுத்த மாட்டை எழுப்பிற மாதிரித்தான். தள்ளு."

தள்ளினோம். இறங்குதுறை வரை தள்ளினோம். யாத்திரிகர்கள் கைபேசிகளோடு வரிசையாக நின்று எங்கள் பாய்ப் பயணத்தைப் படமெடுத்தார்கள். அண்ணை தீர்ப்புச் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் கடைக்காரர் சிரித்துக்கொண்டே தண்ணீர் விளிம்புக்கு வந்துவிட்டார்.

"தம்பி, பாக்க நல்ல வடிவா இருக்கு. வள்ளத்தோடை இந்த ரெண்டு பிள்ளையளும் சனி ஞாயிறிலை வந்து இப்பிடி நிண்டா, சனம் தானா கடைக்குள்ளை வரும். மத்தியானச் சாப்பாடும் குடுக்கிறன்."

அண்ணையின் காது சிவந்தது. கயிற்றை மெல்லச் சுருட்டிக் காலடியில் வைத்தார்.

"வள்ளம் விக்கிறதுக்கில்லை" என்றார் கடைக்காரரிடம்.

"என்ன தம்பி, ஓமெண்டு சொன்னனீரெல்லோ?"

"சொன்னனான். இப்ப இவை பாயிலை கொண்டுவந்து சேர்த்திட்டினம்."

பாய் பாதி வள்ளத்துக்குள்ளும் பாதி தண்ணீரிலும் கிடந்தது. கடைக்காரர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையை நிமிர்த்தி, தீவு தீவாகப் பாயில் போய் வருகிறவளைப் போல நின்றேன்.

"எடி" என்று சிநேகிதி காதுக்குள் சொன்னாள், "சாப்பாட்டை மட்டும் ஓமெண்டுவமோ?"