யூசுப் பாயின் வெல்டிங்

போன புதன்கிழமை, 11-ம் தேதி. காலை 8.10-க்குத் திருமழிசைப் பட்டறைக்குள் நுழைந்தேன். கை கழுவினேன். பதிவேட்டில் தேதி போட்டேன். வாக்யூம் கேஜைப் பார்த்தேன்… முந்தின மாலை நின்ற எண்ணிலேயே நின்றது.

நாங்கள் செய்வது, காற்றை உறிஞ்சி எடுத்து மூடிவைக்கும் எஃகு சேம்பர். உள்ளே ஓர் ஆய்வுக் கருவி, திரவ நைட்ரஜனின் குளிரில் வேலை செய்யும். கொஞ்சம் காற்று மிச்சமிருந்தாலும் போச்சு — ஈரம் உறைந்து கருவியின் கண்ணாடியை மூடிவிடும். இரவு முழுக்க பம்ப் ஓடியும் காற்று குறையவில்லை என்றால்? எங்கோ ஓட்டை.

மாலை நான்கு மணிக்கு வாடிக்கையாளர் சோதிக்க வருகிறார்.

‘வெல்டிங்கில் கசிவு’ என்று பதிவேட்டில் எழுதினேன். சந்தேகம் என்றுகூட எழுதவில்லை. முதலாளி படித்தார். வெல்டிங்கை அறுத்துவிடலாம், இனி அந்த வேலையெல்லாம் அம்பத்தூரில் வெளி ஆட்களுக்கே போகட்டும் என்றார்.

வெல்டர் யூசுப் பாய், பூந்தமல்லிக்காரர். பதினாறு வருடமாக எங்களோடு இருக்கிறார். குரலை உயர்த்தவில்லை.

“மொதல்ல பாருங்க ஸார், அப்பால அறுங்க. ஹீலியம் கன்ன என் கைல குடுங்க.”

வெளியிலிருந்து ஹீலியம் பீய்ச்சினால், ஓட்டை வழியாக உள்ளே புகும், பம்ப்போடு இணைத்த டிடெக்டர் கத்தும். பாய் தன் வெல்டிங் மேல் விரற்கடை விரற்கடையாக கன்னை நகர்த்தினார். ஒரு சுற்று… இன்னொரு சுற்று… சத்தமே இல்லை.

மூடியின் விளிம்புக்குக் கொண்டுபோனார். கத்தியது.

பம்ப்பை நிறுத்தி, காற்றை உள்ளே விட்டு, மூடியைத் திறந்தோம். ரப்பர் வளையத்தின் அடியில் காய்ந்த மஞ்சள் துணுக்கு. சந்தனம்.

பாய் அதை நகத்தில் எடுத்துக் காட்டினார். “இன்னா ஸார், இது நம்ம டிபார்ட்மென்ட்டு இல்லியே?”

புது சேம்பரை மூடுமுன் பொட்டு வைத்து, உடனே துடைத்துவிடுவது எங்கள் வழக்கம். வைப்பது யார்? பதிவேட்டைப் புரட்ட வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் புரட்டினேன். முந்தின நாள் பக்கத்தில், என் கையெழுத்தில்: ‘காலை 9.05. விளிம்பில் பொட்டு வைத்தேன்.’ துடைத்ததாக எங்கும் இல்லை.

துடைத்தோம். புது வளையம் போட்டு, பம்ப்பை மறுபடி ஓட்டினோம். நான்கு மணிக்கு வந்தவருக்கு இரண்டு முறை டீ கொடுத்தோம். ஐந்தே காலுக்குத்தான் எண் இறங்கியது. முதலாளி அம்பத்தூர்ப் பேச்சை எடுக்கவில்லை.

எல்லாவற்றையும் எழுதி வைக்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு — எழுதிவிட்டாலே உண்மையாகிவிட்டது என்று நினைப்பது.

மறுநாள் காலை 8.10. முதல் வேலையாக, முதலாளி முன்னால், ‘வெல்டிங்கில்’ என்ற சொல்லை அடித்தேன். ‘நான் வைத்த பொட்டால்’ என்று எழுதிக் கையெழுத்திட்டு, பாயிடம் நீட்டினேன்.

நிதானமாகப் படித்தார். “தேதி போடல ஸார்” என்றார்.