ஏழாம் அறையில் விட்ட கை

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். நான் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ஜோடித்துச் சொல்லத் தெரியாது. போன மழைக்காலத்தில் எனக்கு நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

கணவர் போன பிறகு வீட்டில் பேச ஆளில்லை. மகள் கடல் தாண்டி இருக்கிறாள். ஒருநாள் குக்கர் விசில் அடித்ததும் "வரேன், வரேன்" என்று அதற்குப் பதில் சொன்னேன். அப்புறம்தான் சொன்னது உறைத்தது. மறுநாளே பக்கத்து ஆஸ்பத்திரியில் தன்னார்வலராகச் சேர்ந்தேன். பார்க்க யாருமே வராத நோயாளிகளுக்குத் துணையாக உட்கார வேண்டும். அவ்வளவுதான் வேலை.

எங்களுக்குள் கண்டிப்பான வழக்கம் ஒன்று உண்டு. கடைசிக் கட்டத்தில் இருப்பவரின் கையைப் பிடித்திருந்தால், பாதியில் விட்டுவிட்டு எழக் கூடாது. அடுத்த ஆள் வந்து நம் கைமேல் கை வைத்து, அந்தக் கையை வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் நம் கையை உருவலாம். "நான் கிளம்பறேன், இவங்க கூட இருப்பாங்க" என்று நோயாளியின் காதில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

அன்று சாயங்காலத்திலிருந்தே மழை. ஏழாம் அறையில் ஒரு பெரியவர் இருந்தார். எங்களைப் போலவே அந்த ஆஸ்பத்திரியில் பல வருஷம் துணைக்கு உட்கார்ந்தவர். இப்போது அவருக்குத் துணை யாருமில்லை. எனக்கும் நாளைக்கு இதே கதிதானே என்று நினைத்துக்கொண்டேன். வெளிச்சம் கண்ணை உறுத்துகிறது என்று அவர் விளக்கை அணைக்கச் சொல்லியிருந்தார். வராந்தா வெளிச்சம் மட்டும் திரை வழியாகக் கொஞ்சம் வந்தது.

"டீச்சரம்மா, கையை விட்றாதீங்க."

"விடமாட்டேன் ஐயா. எட்டு மணிக்கு இன்னொருத்தங்க வருவாங்க. அவங்க கையில குடுத்துட்டுத்தான் போவேன்."

"ஆளைப் பாத்துக் குடுங்க."

"ஏன் ஐயா அப்படிச் சொல்றீங்க?"

"அவ காத்துக்கிட்டிருக்கா. என் கை காலியானா வந்து புடிச்சுக்குவா."

யார் என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டார். மருந்து மயக்கத்தில் ஏதோ உளறுகிறார் என்று விட்டுவிட்டேன்.

எட்டு மணிக்கு வர வேண்டியவளை நாங்கள் 'லேட்டு' என்றுதான் கூப்பிடுவோம். எட்டு என்றால் எட்டே முக்காலுக்கு மூச்சிரைக்க வருவாள். மற்றபடி தங்கமான பெண்.

மணி 7.40. திரை சரசரத்தது. செருப்புச் சத்தம் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். தன்னார்வலர்கள் போடும் எங்கள் மேலங்கி, முகத்தில் மாஸ்க். லேட்டு உயரம்தான்.

"என்னடி அதிசயமா இருக்கு? சீக்கிரம் வந்துட்ட."

தலையை மட்டும் ஆட்டினாள்.

வெளியே மழை கொட்டுகிறது. அவள் மேல் ஒரு சொட்டு ஈரமில்லை. அதைப் பார்த்தேன்... ஆனால் யோசிக்கவில்லை. இடுப்பு வலியில் எப்போது எழலாம் என்றிருந்தேன்.

பின்னாலிருந்து என் கைமேல் ஒரு கை வந்தது. சில்லென்று இருந்தது. மழையில் வந்த கை அல்லவா என்று நினைத்துக்கொண்டேன்.

குனிந்து பெரியவரின் காதில் சொன்னேன். "நான் கிளம்பறேன் ஐயா. இவங்க கூட இருப்பாங்க."

அவர் கண் திறந்தது. என் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

என் விரல்களை இறுக்கினார். அந்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. வாய் திறந்தது... சத்தம் வரவில்லை. தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது.

"வலிதான் ஐயா. சரியாயிடும்."

அவர் விரல்களை நானே பிரித்தேன். ஒவ்வொன்றாக.

7.43க்கு வெளியே வந்தேன்.

கீழே வாசலில் குடையை உதறிக்கொண்டு ஒருத்தி நின்றிருந்தாள்.

லேட்டு.

"நீ... மேலதானே இருந்த?"

"இப்பதான்க்கா வரேன். இன்னிக்காவது நேரத்துக்கு வரணும்னு ஆட்டோ புடிச்சேன்."

மாடிப்படியில் ஓடினேன். அவளும் பின்னால் ஓடி வந்தாள்.

அறை இருட்டு.

ஸ்டூல் காலி.

அவர் கண் திறந்தபடியே கிடந்தார். வலது கை கட்டிலுக்கு வெளியே நீண்டிருந்தது. விரல்கள் பாதி மூடியிருந்தன... எதையோ பிடித்திருப்பதுபோல.

மூச்சு இல்லை.

தலைமை நர்ஸ் வந்து அவர் கண்களை மூடினார். வெகுநேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதே ரூம்தான் டீச்சர். நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஒரு பொம்பளைக்கு இவர் துணைக்கு உக்காந்திருந்தார். டீ குடிச்சுட்டு வந்துடறேன்னு கையை விட்டுட்டுப் போனார். திரும்பி வரப்ப அவங்க உசுரு போயிருந்துச்சு. கை இப்படியேதான் நீட்டிக்கிட்டு இருந்துச்சு. அப்புறம்தான் இந்தக் கை மாத்தற பழக்கத்தை இவரே கொண்டுவந்தார். வீட்டுல தூங்கறப்பகூட தன் கையைத் தானே புடிச்சுக்கிட்டுத் தூங்குவாராம்."

அந்தச் சுவரிலேயே சாய்ந்து உட்கார்ந்து அழுதேன். வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டியவரை நான்தான் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் செக்யூரிட்டிக்காரர் என்னை கேமரா அறைக்குக் கூப்பிட்டார். ஏழாம் அறை வாசலில் பதிவானதைப் போட்டுக் காட்டினார். 7.40க்கு யாரும் உள்ளே போகவில்லை. திரை மட்டும் அசைந்தது. 7.43க்கு நான் கையை வீசிக்கொண்டு வெளியே வருகிறேன். அதற்குப் பிறகும் யாரும் நுழையவில்லை. லேட்டுவும் நானும் ஓடி வருவதுதான் அடுத்துத் தெரிந்தது.

"இது கிடக்கட்டும் டீச்சர். நீங்க வீட்டுக்குப் போனதைப் பாருங்க."

இரவு 9.30. அவர் உடலைக் கொண்டுபோன பிறகு நான் தனியாக நடந்து போகிறேன். இடது கையில் பை. வலது கை மட்டும் உடம்பை விட்டுக் கொஞ்சம் விலகி, தாழ்ந்து இருக்கிறது. விரல்கள் மூடியிருக்கின்றன. தள்ளாடும் ஒருவரைக் கைபிடித்து நடத்திப் போவதுபோல மெதுவாக, நின்று நின்று போகிறேன். வராந்தாவில் அப்படி. படியில் அப்படி. வாசல் தாண்டும் வரைக்கும் அப்படி.

"யாரை டீச்சர் கூட்டிட்டுப் போனீங்க?"

அவள் கையை விட்டவர் அவர். அவர் கையை விட்டவள் நான்.

போன வாரம் மகள் போனில் கேட்டாள். "அந்த வீட்டுல தனியா இருக்க பயமா இல்லையாம்மா?"

தனியாக இருந்தால் எனக்கு என்னடி பயம் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை.