தலைமையுரைக்குப் பின் ஐந்து நிமிடம்

எழுபதுகளில் மயிலாப்பூரில் பேச அழைக்கப்பட்டவன் செய்யக்கூடாத காரியம் ஒன்று உண்டு: கூட்டத் தலைவரிடம் முன்கூட்டியே சுருக்கம் எழுதிக் கொடுப்பது. கல்லூரியில் பௌதிகம் நடத்திக்கொண்டிருந்த நான், மரியாதைக்காக அதைத்தான் செய்தேன்.

ஒரு மாதம் உழைத்த பேச்சு. விண்மீன் மண்டலங்களுக்கு நடுவே கிடந்த குளிர்ந்த ஹைட்ரஜனை பிரபஞ்சத்தின் முதல் ஒளிமூலங்கள் என்ன செய்தன என்பது பொருள். அவற்றின் புறஊதா ஒளி, அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிய்த்தது. மிஞ்சிய ஆற்றல் வாயுவைப் பல்லாயிரம் டிகிரிக்குச் சூடாக்கியது. குவாசர்கள் என்ற அதிதூர ஒளிப்பிழம்புகளின் ஒளி, குளிர்ந்த ஹைட்ரஜனால் வழியில் விழுங்கப்படாமல் நம்மை எட்டுவதை வைத்து ஊகித்த சமாசாரம். அப்போது புத்தம் புதிது. அத்தனை சூட்டிலும் அங்கே வைத்த காப்பி ஆறிப்போகும், வாயு அவ்வளவு மெலிது. இந்த இடத்தில் சபை சிரிக்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

தலைவர் ஓய்வுபெற்ற பொறியாளர். முக்கால் மணி நேரம் என் சுருக்கத்தையே பேசினார். காப்பியையும் விடவில்லை. சபை சிரித்தது. வரிசையை மட்டும் மாற்றிவிட்டார்: வாயு தானாக உடைந்ததாம், அந்தச் சூட்டில் ஒளி பிறந்ததாம். "மீதியைப் பேச்சாளர் விளக்குவார்" என்று உட்கார்ந்தார்.

செயலாளர் என் காதருகே குனிந்தார். "சார், அடுத்து வீணைக் கச்சேரி. அஞ்சு நிமிஷத்துல முடிச்சுடுங்கோ."

தலைவரைச் சபையில் திருத்துவது மரியாதையில்லை. திருத்தாவிட்டால் பிரபஞ்சம் தலைகீழ். "தலைவர் அழகாகச் சொன்னார்கள். அதையே கடைசியிலிருந்து ஆரம்பித்தால் இன்னும் சரியாக இருக்கும்" என்றேன். பாராட்டு என்று நினைத்து அவர் தலையாட்டினார். ஒளிதான் முதலில் என்று தொடங்கினேன். திரைக்குப் பின்னால் தம்புரா சுருதி சேர்க்க ஆரம்பித்தது.

நன்றியுரையில், அரிய விஞ்ஞான உரை நிகழ்த்திய தலைவருக்கு முதல் நன்றி. எனக்கு, வந்ததற்கு.

பஸ் ஸ்டாப்பில், கூட்டத்துக்கு வந்திருந்த என் மனைவி கேட்டாள். "ஏன்னா, பிஞ்சுபோன எலெக்ட்ரான் அங்கேயேதானே சுத்திண்டிருக்கும்? திரும்பப் போய் ஒட்டிக்காதோ?"

யாராவது கேட்க மாட்டார்களா என்று ஒரு மாதமாக நான் காத்திருந்த கேள்வி.

"ஒட்டிக்கும். ஆனா அந்த விஸ்தாரத்துல ஒண்ணை ஒண்ணு சந்திக்கறதுக்கே..."

மந்தைவெளி பஸ் வந்துவிட்டது. அவள் முன்பக்கம் ஏறிக்கொண்டாள். நான் பின்படியில் தொங்கினேன். நடுவில் மயிலாப்பூர் முழுவதும் நின்றுகொண்டிருந்தது.