எடுத்துக்காட்டு வாக்கியங்கள்

அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர் அகராதி. அகராதி தயாரிக்கிற இடத்தில் எத்தனையோ பேர் இருக்க, அந்தப் பெயர் அவர் ஒருவருக்கு மட்டும் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் அவருடைய தொழில் அல்ல, குணம். வணக்கம் சொன்னால் பதில் வணக்கம் வராது. தேநீர் கொண்டுவந்து வைத்தால், "கேட்டேனா?" என்பார். வைக்காமல் போனால், "மனுஷனா தெரியலையா?" என்பார். மூக்குக்கு மேல் கோபம் என்பார்களே, அவருக்கு மூக்கிலிருந்து உச்சந்தலை வரைக்கும் அதுதான்.

ஆங்கிலம்–தமிழ்ப் பேரகராதி அலுவலகம் ஒரு நகல் எடுக்கும் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருந்தது. சீட்டறை என்று ஒன்று. சுவர் முழுக்க இழுப்பறைகள், இழுப்பறை முழுக்க உள்ளங்கை அளவுச் சீட்டுகள். ஒரு பொருளுக்கு ஒரு சீட்டு. பொருளைக் கறுப்பு மையிலும் சொல் பிறந்த கதையைப் பச்சை மையிலும் எழுத வேண்டும். சீட்டு பறந்துவிடும் என்று அந்த அறையில் மின்விசிறி போடமாட்டார்கள். கோடையில் எல்லோரும் கழுத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு வேலை செய்வார்கள்.

அங்கே அகராதிக்குக் கொடுத்திருந்த வேலை ஒரே ஒரு வினைச்சொல். டேக். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். எடு, எடுத்துக்கொள், முடிந்தது கதை என்று தோன்றும். படம் எடுப்பதும் அதுதான், மாத்திரை சாப்பிடுவதும் அதுதான், பேருந்தைப் பிடிப்பதும், நேரம் பிடிப்பதும், பொறுப்பை ஏற்பதும், ஏமாற்றுவதும் அதுதான். மனிதர் ஏழு வருடம் தோண்டித் தொண்ணூற்று நான்கு பொருள் எடுத்தார். அதில் அவரை மெச்சத்தான் வேண்டும். வேறு எதிலும் மெச்ச முடியாது என்பதால் இதிலேயே மெச்சிவிடுகிறேன்.

தொண்ணூற்று நான்கையும்விட அவர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது, பச்சை மையில் எழுதிய பதினொரு வரியை. டேக் ஆங்கிலேயர்களின் சொந்தச் சொல்லே அல்ல. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் வடகடல் தாண்டிக் கொள்ளையடிக்க வந்தவர்களின் நாக்கில் வந்தது. முதலில் கையால் தொடுவது என்ற பொருள்தான் அதற்கு இருந்தது என்பது அவர் கட்சி. அந்த ஊரில் ஏற்கெனவே நிமன் என்று ஒரு சொல் அதே வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. வந்த சொல் மெல்ல மெல்ல வீட்டைப் பிடித்துக்கொள்ள, வீட்டுக்காரச் சொல் நானூறு வருடத்தில் தெருவுக்கு வந்துவிட்டது. இன்று அதன் வாரிசாக மிச்சம் இருப்பவை இரண்டே சொற்கள். சட்டென்று பற்றிக்கொள்ளும் சுறுசுறுப்பைக் குறிக்கும் நிம்பிள் ஒன்று. பிடிபட்டு உணர்விழந்து மரத்துப்போனதைச் சொல்லும் 'நம்' என்ற ஆங்கிலச் சொல் இன்னொன்று. இதைத்தான் பதினொரு வரியில் எழுதியிருந்தார். ஒரு வரி குறைந்தாலும் ஒத்துக்கொள்ளமாட்டேன் என்று குரங்குப்பிடியாக நின்றார்.

மூன்று வரி போதும் என்று நின்றவன் அவருடைய மைத்துனன். மனைவியின் தம்பி. பதினொரு வருடத்துக்கு முன்னால் வேலையில்லாமல் திரிந்தவனைச் சீட்டு அடுக்கும் வேலைக்குச் சிபாரிசு செய்து கூட்டிவந்ததே அகராதிதான். வீட்டு மாடி அறையில் தங்கவும் இடம் கொடுத்தார். பையன் கெட்டிக்காரன். ஒரு எழுத்து முழுவதையும் ஒன்றரை வருடத்தில் முடித்துக்கொடுத்தான். பழைய தலைமைப் பதிப்பாசிரியருக்குக் கண் மங்கிப்போனதும், ஒரு சொல்லிலேயே குடியிருக்கிற அகராதியை விட்டுவிட்டு, நிர்வாகக் குழு மைத்துனனைத் தலைமை நாற்காலியில் உட்காரவைத்தது. அன்றோடு பேச்சு நின்றது. நான்கு வருடம், ஒரே வீடு, ஒரே அலுவலகம், பேச்சு மூச்சு இல்லை.

ஆனால் சண்டை நிற்கவில்லை. அது சீட்டில் நடந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம் எழுத வேண்டும் அல்லவா, அகராதி அங்கே தன் வயிற்றெரிச்சலைக் கொட்டினார். பொறுப்பை ஏற்றல் என்பதற்கு அவர் எழுதினார்: தகுதியில்லாதவன் பொறுப்பை ஏற்றதும் ஊழியர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். மைத்துனன் அதைச் சிவப்புப் பென்சிலால் அடித்துவிட்டு, நேரம் பிடித்தல் என்ற சீட்டில் தன் கைப்பட எழுதினான்: ஒரே ஒரு வினைச்சொல்லை முடிக்க அவருக்கு ஏழு வருடம் பிடித்தது. பெற்றோரை ஒத்திருத்தல் என்பதற்கு அகராதி எழுதினார்: நன்றிகெட்ட குணத்தில் அவன் தன் தகப்பனையே கொண்டிருந்தான். ஏமாற்றுதல் என்பதற்கு மைத்துனன் எழுதினான்: மாப்பிள்ளை என்று வந்து அந்த நல்ல குடும்பத்தை அவர் ஏமாற்றினார்.

இந்தச் சீட்டுகளை எல்லாம் கணினியில் ஏற்றியவள் யார் தெரியுமா? அகராதியின் மனைவிதான். இவனுக்கு அக்கா. வீட்டில் கூடத்து மூலையில் ஒரு மேசை, ஒரு கணினி, பக்கத்தில் துணிப்பை. அகராதி தன் சீட்டுகளை அந்தப் பையில் போடுவார். மைத்துனன் தன் சிவப்புத் திருத்தங்களை அதே பையில் போடுவான். தட்டச்சு செய்கிறவர் ஒரு புள்ளியைக்கூட மாற்றக் கூடாது, தப்பென்று தெரிந்தாலும் ஈயடிச்சான் காப்பியாக அடிக்க வேண்டும் என்பது அலுவலகச் சட்டம். நான்கு வருடம் அவள் அப்படித்தான் அடித்தாள். செத்துப்போன தன் அப்பாவை நன்றிகெட்டவர் என்ற சீட்டையும் அடித்தாள். தன் கல்யாணம் ஒரு ஏமாற்று என்ற சீட்டையும் அடித்தாள். அன்று மட்டும் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது. அதற்கு இரண்டு பேரும் தனித்தனியாக வந்து அவளைக் கடிந்துகொண்டார்கள்.

சாப்பாடும் அப்படித்தான். தம்பிக்கு ஏழரை மணிக்கு, கணவருக்கு எட்டரை மணிக்கு. ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கக் கூடாது. இரண்டு தடவை சூடாக்கி, இரண்டு தடவை பரிமாறி, இரண்டு தடவை கழுவிக் கவிழ்த்தாள். ஒரு நாள் எட்டரை மணிப் பந்தியில் அவள் கேட்டாள்.

"அந்தப் பழைய சொல்லு இருந்துச்சே, வீட்டை விட்டுத் துரத்தினாங்களே. அது எதிர்த்து எதுவுமே செய்யலையா?"

"சொல்லு என்ன செய்யும்? மழுங்கிப்போச்சு. குழம்பு ஆறிப்போயிருக்கு பாரு."

அவள் குழம்பைச் சூடாக்கப் போனாள். ஏழு வருடத்தில் தன் வேலையைப் பற்றி ஒரு ஆள் கேட்ட ஒரே கேள்வி அது என்பதுகூட மனிதருக்கு உறைக்கவில்லை.

குழு கெடு வைத்தது. வெள்ளிக்கிழமைக்குள் டேக் முடியாவிட்டால் ஏழு வருட வேலையையும் ஓரங்கட்டிவிட்டுப் பழைய பதிப்பில் உள்ளதையே போடுவோம் என்றார்கள். அகராதி அரண்டுபோனார். பதினொரு வரிச் சீட்டைக் கையெழுத்திட்டுப் பையில் போட்டார். மைத்துனன் மூன்று வரிச் சீட்டைக் கையெழுத்திட்டு அதே பையில் போட்டான். எதை அடிப்பது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, அவள் இருவருக்கும் கொடுத்தனுப்பினாள். "என்னுடையதைத்தான், இதில் கேட்க என்ன இருக்கிறது" என்று இருவருமே எழுதி அனுப்பினார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அச்சுப்படி வந்தது. அச்சுப்படியை இரண்டு பேர் உட்கார்ந்து ஒத்துப்பார்க்க வேண்டும். ஒருவர் வாய்விட்டு வாசிக்க, இன்னொருவர் சீட்டோடு ஒப்பிட வேண்டும். டேக் என்ற சொல்லுக்கு அந்த இரண்டு பேர் இந்த இரண்டு பேர்தான். எலியும் பூனையும் எதிரெதிரே உட்கார்ந்து எப்படி வாசிக்கும்? அச்சுப்படி நான்கு நாள் மேசைக்கு மேசை போய்வந்தது. அகராதி தன் பதினொரு வரி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். இருந்தது. மைத்துனன் தோற்றுவிட்டான் என்று மகிழ்ந்து, மற்றதை அவனே படித்துச் சாகட்டும் என்று கையெழுத்துப் போட்டார். மைத்துனன் பார்த்தது பக்கக் கணக்கை மட்டும். எப்படியோ அது சரியாக இருந்தது. மற்றதை அவர் வரி வரியாக மேய்ந்திருப்பார் என்று அவனும் கையெழுத்துப் போட்டான். இரண்டு படித்த முட்டாள்களும் சேர்ந்து செய்த ஒரே வேலை அந்த நான்கு வருடத்தில் இதுதான்.

புத்தகம் வர ஐந்து மாதம் ஆயிற்று. அன்று காலை, "இன்னைக்குப் புத்தகம் வருது. அச்சகத்துல இருந்து கூப்பிட்டாங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, நான்கு வருடத்தில் முதல் தடவையாக அவள் இரண்டு தட்டையும் ஒரே நேரத்தில் மேசையில் வைத்தாள். இரண்டுக்கும் நடுவே தண்ணீர்ச் செம்பை வைத்தாள்.

"ரெண்டு பேரும் உக்காந்து சாப்பிடுங்க. ஒரு நாள்தானே."

அகராதி தன் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய் நின்றபடி சாப்பிட்டார். மைத்துனன் தன் தட்டோடு மாடிக்குப் போய்விட்டான். அவள் செம்பை எடுத்து உள்ளே வைத்தாள்.

பதினொரு மணிக்கு அலுவலகத்துக்குப் புத்தகக் கட்டு வந்தது. அகராதி ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு சீட்டறைக்குள் போனார். பதினொரு வரியையும் எழுத்தெழுத்தாகப் படித்தார். கண் கலங்கியது என்றே சொல்ல வேண்டும். பிறகு, மைத்துனன் எந்தெந்த வசவை வெட்டாமல் விட்டிருக்கிறான் என்று கீழே தேடினார். பொறுப்பை ஏற்றலில் தன் வாக்கியம் இல்லை. அங்கே இப்படி இருந்தது: அம்மா இறந்ததும் தம்பியை வளர்க்கும் பொறுப்பை அவள் ஏற்றாள், அப்போது அவளுக்குப் பதினாறு வயது.

நேரம் பிடித்தலுக்குப் போனார். ஒருவரோடொருவர் பேசாத இருவருக்குச் சாப்பாடு போட அவளுக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கிறது.

உட்கொள்ளல். ஆறு மாதமாக அவள் இரத்த அழுத்த மாத்திரை எடுத்துக்கொள்கிறாள். வீட்டில் யாருக்கும் தெரியாது.

வாகனத்தைப் பிடித்தல். ஏழாம் எண் பேருந்தைப் பிடித்து அவள் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாள்.

ஒருவர் இருப்பதையே எண்ணிப் பாராதிருத்தல். மேசை, கணினி, துணிப்பை, அவள் என்று எண்ணிக்கொண்டார்கள்.

அகராதியின் முகத்தில் ஈயாடவில்லை. தொண்ணூற்று நான்கு வாக்கியத்திலும் ஒரு வசவுகூட இல்லை. பாதிக்கு மேல் அவள்தான் இருந்தாள். கடைசிப் பொருள், விடைபெறுதல். அதன் கீழே இருந்ததை அவர் இரண்டு தடவை படித்தார்: சாவியை மின்மீட்டர் பெட்டிக்குள் வைத்துவிட்டு அவள் விடைபெற்றாள்.

தலையைத் தூக்கினால் வாசலில் மைத்துனன் நிற்கிறான். அவன் கையிலும் புத்தகம். அதே பக்கம்.

"மாமா. அக்கா மாத்திரை சாப்பிடுதா?"

"எனக்கெப்படித் தெரியும்? உன் அக்காதானே."

"உங்க பொண்டாட்டி."

நான்கு வருடம் கழித்துப் பேசிய பேச்சு அது. அதிலும் ஒருவன் தலையில் ஒருவன் கட்டத்தான் பார்த்தார்கள்.

இருவரும் ஒரே பேருந்தில், முன்னும் பின்னுமாக உட்கார்ந்து வீட்டுக்குப் போனார்கள். கதவு பூட்டியிருந்தது. மீட்டர் பெட்டியைத் திறந்தால் சாவி இருந்தது. உள்ளே கணினிக்கு உறை போட்டிருந்தது. துணிப்பையைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டிருந்தாள். அடுப்பின் மேல் ஒரே பாத்திரம். ஒரே வேளைக்கான சாப்பாடு, இரண்டு பேருக்குமாக. அலமாரியில் அவளுடைய தட்டு மட்டும் இல்லை.

"எங்க போயிருப்பா?" என்றார் அகராதி.

"சிநேகிதி யாராவது இருக்காங்களா?"

"எங்கிட்டச் சொன்னதில்ல. உங்கிட்ட?"

"நான் எங்க கேட்டேன்."

மைத்துனன் புத்தகத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்தான். அகராதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். மைத்துனன் வாய்விட்டு வாசித்தான், அவர் விரலால் வரியைத் தொட்டுக்கொண்டே வந்தார். ஐந்து மாதத்துக்கு முன்னால் செய்திருக்க வேண்டிய வேலை. பேருந்து வாக்கியம் வந்ததும் அவர் அவனை நிறுத்தச் சொன்னார்.

"எந்த ஆஸ்பத்திரின்னு போடலையே. ஏழாம் நம்பர் எங்க போகுது?"

மைத்துனன் பதில் தேடிப் புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டினான். அவனுக்கும் தெரியவில்லை.