சவுண்டு பல்புக்கு ஐந்து செல்

சின்னப்பனைப் பற்றி நல்லதாக நான்கு வார்த்தை எழுதுவது எனக்குக் கஷ்டம். ஆனாலும் அவனை என்னளவுக்குக் கவனித்தவர்கள் யாரும் இல்லை. பொறாமைக்காரனுக்குத்தான் எதிராளியின் சட்டைப் பொத்தான் வரை ஞாபகம் இருக்கிறது.

1968இல் பென்னாகரம் டென்ட் கொட்டகையில் நான் ஆபரேட்டர், லைசென்ஸ் வைத்திருந்தவன். அவன் வாசலில் டிக்கெட் கிழிப்பவன். அதற்கு முன் தொப்பூரில் லாரி பேட்டரிக் கடையில் எடுபிடி. ஞாயிறு சர்ச் பூசையை முடித்துவிட்டு, தலையில் எண்ணெய் வழிய வேலைக்கு வருவான். முதலாளி பச்சியப்பன் தருமபுரியில் புதுத் தியேட்டர் கட்டிக்கொண்டிருந்தார். அங்கே ஆபரேட்டர் வேலை எனக்குத்தான் என்று என் மனைவி குள்ளம்மாள் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

புதுப்படம் வந்த வெள்ளிக்கிழமை மத்தியானம், சவுண்டு பல்புக்குக் கரண்ட் தரும் பெட்டி புகைந்துபோனது. பிலிம் ஓரத்து ஒலிக்கோட்டின்மேல் அந்தச் சின்ன பல்பின் வெளிச்சம் விழுந்தால்தான் படம் பேசும். பத்து வோல்ட் பல்பு அது. நேராக லைன் கரண்டைக் கொடுத்தால் அவ்வளவுதான். நான் ஒரு பழைய டிரான்ஸ்பார்மரைத் தேடிப்பிடித்து மாட்டி, ஒரு ரீல் ஓட்டிப் பார்த்தேன். பல்பு எரிந்தது. ஆனால் வசனத்துக்கு மேலே ஓர் உறுமல் கேட்டுக்கொண்டே இருந்தது. முதலாளி காதைப் பொத்திக்கொண்டார்.

சின்னப்பன் சைக்கிளில் போய், கேரியரில் ஒரு லாரி பேட்டரியைக் கட்டிக்கொண்டு வந்தான். அப்போதெல்லாம் ஆறு செல்லையும் இணைக்கும் ஈயப் பட்டைகள் பேட்டரியின் மேலேயே தெரியும். செல்லுக்கு இரண்டு வோல்ட். அவன் ஐந்தாவது செல்லோடு நிறுத்தி அங்கே கிளிப்பை மாட்டினான். கணக்காகப் பத்து. பேட்டரி கரண்டு உறுமாது என்றான், உறுமவும் இல்லை. முதலாளி அவன் தோளில் தட்டிக்கொடுத்தார். பதினோரு வருஷத்தில் என் தோளை அவர் தொட்டதே இல்லை.

அன்றைய முதல் ஆட்டத்தில், இடைவேளைக்கு அவன் டீ குடிக்கப் போனதும் கிளிப்பைப் பிடுங்கி ஆறாவது செல்லில் மாட்டினேன். பன்னிரண்டு வோல்ட். படம் ஓடும்போதே பல்பு போகும், அவன் மானமும் போகும் என்று காத்திருந்தேன். பல்பு போகவில்லை. வெள்ளையாகப் பளிச்சென்று எரிந்தது. சத்தம் கணீரென்று ஏறி, வெளியே சந்தைத் திடல்வரை கேட்டது. கொட்டகையே விசிலடித்தது. முதலாளி மூச்சிரைக்க ஏணியேறி ஆபரேட்டர் அறைக்கு வந்தார். சின்னப்பனும் டீ குடித்துத் திரும்பியிருந்தான்.

"சின்னப்பா, தருமபுரிக்கு நீதாண்டா வர்ற. லைசென்சு நான் எடுத்துத் தர்றேன்."

அவர் இறங்கிப் போன பிறகு, ரீல் மாற்றும் நேரத்தில் சின்னப்பன் பேட்டரியைக் குனிந்து பார்த்தான். கிளிப்பைக் கழற்றி மறுபடி ஐந்தாவதில் வைத்தான்.

"அஞ்சுலதானுங்கண்ணே மாட்டியிருந்தேன். ஆறுல வுட்டா பல்பு ரெண்டு ஆட்டம் தாங்காதுங்க. நான் யாருகிட்டயும் சொல்லமாட்டனுங்க."

சொல்லவும் இல்லை. தருமபுரிக்குப் போனான். ராஜமேரி என்ற பெண்ணைக் கட்டினான், கல்யாணத்தில் என்னை முதல் வரிசையில் உட்காரவைத்தான். 1977இல் கொட்டகையைப் பிரிக்கும்வரை நான் பென்னாகரத்திலேயே கிடந்தேன். அந்த வேலை கைவிட்டுப் போனதுகூட இப்போது ஆறிவிட்டது. நான் கிளிப்பை மாற்றியதை ஒரே ஒருவரிடமாவது அவன் சொல்லியிருந்தால், அவனை நிம்மதியாக வெறுத்திருப்பேன். அதற்கும் அவன் இடம் கொடுக்கவில்லை.